ஆர்

சோஹாரில், உருக்காலை வாசலுக்கு வெளியே
எனக்கொரு கேபின், ஒரு ஏசி, அது சொட்ட ஒரு வாளி.
நான் எழுதும் கணினி மொழிக்கு ஓரெழுத்துப் பெயர்: ஆர்.
மன்னாரில் கதவைத் தட்டினால்
உள்ளே இருந்து வரும் கேள்வியும் அதுதான்.
ஆர்?

நானூற்றுப் பன்னிரண்டு மணிக்கட்டுகள்.
ஒவ்வொன்றிலும் ஒரு ரப்பர் பட்டி,
பத்து நிமிடத்துக்கொரு தடவை தோலின் சூட்டை அனுப்பும்.
வியாழன் மதியத்துக்குள் ஹிலாலுக்கு ஒரு எண் வேண்டும்.
ஒன்றே ஒன்று. மேலிடத்துக்கு.

தர்வத் ஜாவாவில் வளர்ந்தவன்.
"உலகத்தில் எல்லாமே பொருள்" என்பான்.
தமிழில் அந்தச் சொல்லுக்குக் காசு என்றும் அர்த்தம் உண்டு என்றேன்.
"அப்படியானால் இன்னும் சரி" என்றான்.
தொழிலாளி என்றொரு வகுப்பு வரைந்து காட்டினான்,
உள்ளே பூட்டிய பெட்டிகள்,
சாவி கம்பெனியிடம்.

ஆரின் பழைய வழக்கத்தில் வகுப்பு என்பது
நெற்றியில் ஒட்டிய சீட்டு, அவ்வளவே.
எவரும் கிழிக்கலாம், வேறொன்று ஒட்டலாம்.
'சுருக்கிச் சொல்' என்ற ஒரே கட்டளை
சீட்டைப் பார்த்து வேறு வேறு வாசலுக்குத் திரும்பும்.
மஸ்கட்டில் விமானம் இறங்கி
வரிசை பிரிந்து நின்றவர்களுக்கு
இதை விளக்கத் தேவையில்லை.

ரோவெனா சார்புகளின் ஆள்.
சார்பு, கொடுத்ததைக் கெடுக்காது;
பிரதி எடுத்துத்தான் வெட்டும், அசல் அப்படியே கிடக்கும்.
(சம்பளச் சீட்டுக்கு அந்தப் பழக்கம் இல்லை.)
எங்கே கூப்பிட்டாலும்
பிறந்த இடத்துப் பெயர்களைத்தான் முதலில் தேடும்.
ஆறாம் முகாம் மெஸ்ஸில் உப்பு கேட்டுப் பாருங்கள்,
ஏழு பேர் ஏழு டப்பாவைத் திறப்பார்கள்.

எனக்குப் பிடித்தது வரிசைக் கணக்கு.
ஆள் ஆளாக இறக்காமல்
ஒரு பஸ்ஸை முழுதாய்த் தூக்கி ஒரே மூச்சில் கழித்துவிடலாம்.
குட்டை வரிசையை நீள வரிசையோடு சேர்த்தால்
குட்டை மறுபடி முதலிலிருந்து வந்து நிற்கும்.
இருநூற்றாறு போத்தல் தண்ணீர், நானூற்றுப் பன்னிரண்டு பேர்:
எச்சரிக்கைகூட வராது,
மீதியின்றி வகுபடுகிறதே.

சராசரி கேட்டேன்.
என்.ஏ. என்றது.
ஓரிடம் வெறுமை என்றால்
மொத்தத்துக்கும் விடை தரமாட்டேன் என்கிற பிடிவாதம்.
வழி உண்டு. அடைப்புக்குள் ஒரு சொல் சேர்த்தால்
இல்லாதவை விலகும், எண் வந்துவிடும்.
"சேர்த்துவிடுங்கள்" என்றார் ஹிலால்,
"எல்லாரும் சேர்ப்பதுதானே."

நான் ஒரு சுழற்சி எழுதினேன்.
ஒன்று, அடுத்தது, அடுத்தது.
"ஆரில் சுழற்சியா!" என்று ரோவெனா சிரித்தாள்.
மாட்டு வண்டிதான். ஆனால் போகிற வழியில்
ஒவ்வொரு பெயராய்ச் சொல்லிக்கொண்டு போனது.
இருநூற்றுப் பதினேழில் நின்றது.
போச்சய்யா, சாரம் கட்டுபவர்.
மதியம் பன்னிரண்டரை முதல் மூன்றரை வரை
பதினெட்டு வெற்றிடங்கள்.

இரண்டு மணிக்கு நடந்து போனேன்.
செருப்புக்குக் கீழே தார் இளகியிருந்தது.
கொட்டகையில் பலகைமேல் படுத்திருந்தார்.
ரப்பர் பட்டி ஆணியில் தொங்கியது,
தோல் படாவிட்டால் அது பேசாது.
அது இருந்த மணிக்கட்டில் சிவந்த கொப்புளங்கள்.
மற்றக் கையில் கட்டலாமே என்று நினைத்தேன்;
மற்றக் கையில், கண்ணாடி உடைந்த ஒரு கடிகாரம்.
என் நிழல் விழுந்திருக்க வேண்டும்.
கண் திறக்காமலே கேட்டார்,
"எவரு?"

தெலுங்கு எனக்குத் தெரியாது.
அந்தக் கேள்வி தெரிந்தது.
என்ன பதில் சொல்ல? கணக்கு என்றா?
சத்தமில்லாமல் திரும்பி வந்தேன்.

இருநூற்றுப் பதினேழுக்கு நேரே
உறக்கம் என்று தட்டினேன்.
எண்களின் நடுவே ஒரு சொல் விழுந்தால்
ஆர் அந்த வரிசை முழுவதையும் சொல்லாக்கிவிடும்.
நானூற்றுப் பதினொரு சூடுகளும்
மேற்கோள் குறிக்குள் போய் நின்றன.
இனிக் கூட்ட முடியாது.
வாசிக்கலாம்.

வியாழன், பன்னிரண்டே கால்.
ஹிலால் இரண்டு தடவை அழைத்துவிட்டார்.